ஐந்து மில்லி

மருந்தை அளந்துகொண்டிருந்த நர்ஸ், தனக்குத்தானே பேசுகிற குரலில், "பாதியாக்கு, பேசாம ஏத்து" என்றாள்.

கட்டிலில் கிடந்தவளுக்குப் பிடரியில் சில்லென்றது. அந்த வரி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதை உண்டாக்கியவளே அவள்தான்.

இருபத்தாறு வருடம் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள். வலிக்குக் கொடுக்கும் அந்தக் கசப்பு மருந்தில் ஒரு மில்லிக்கு இரண்டு மில்லிகிராம். டாக்டர் இருபது மில்லிகிராம் என்று எழுதினால் பத்து மில்லி, பத்து என்று எழுதினால் ஐந்து மில்லி. பேனாவைத் தேடாதே, காகிதத்தைத் தேடாதே, பாதியாக்கு, பேசாம ஏத்து. பத்தால் வகுக்க வேண்டிய மருந்துகளுக்கு வேறொரு வரி: புள்ளியை ஒரு வீடு தள்ளு. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி வைத்திருந்தாள். குழந்தையின் எடையைச் சொன்ன மறுநொடி எத்தனை மில்லி என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கணக்கு சிஸ்டர் என்றுதான் பேர். பெரிய டாக்டர்கள்கூடக் கால்குலேட்டரை எடுக்காமல் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை, கால், நாக்கு, கழுத்து எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. மிஞ்சியவை கண்ணும் இமைகளும், காதும், உடம்பு முழுக்க ஒன்றுகூடக் குறையாத வலியும். இடுப்பில் படுக்கைப் புண் எலும்பு வரை போயிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். சாப்பாடும் மருந்தும் அதில்தான்.

இந்த நர்ஸ் ஏஜென்சி மூலம் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. நாற்பதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரி. மூக்குக் கண்ணாடி, ஒட்ட வெட்டிய நகம், அதிர்ந்து பேசாத வாய். "இப்படி ஒருத்தர் கிடைக்க நாம குடுத்து வச்சிருக்கணும்மா" என்று மகள் தினமும் சொல்கிறாள். அதில் பொய் இல்லை. புண்ணைக் கழுவும்போது இந்தக் கைக்கு இருந்த பக்குவம் முன்பு வந்த இரண்டு பேருக்கும் இல்லை.

எங்கேயோ கேட்டிருப்பாள் என்று கணக்கு சிஸ்டர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். எத்தனை பேர் அந்த வார்டில் வேலை கற்றுக்கொண்டு போனார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லி, அவள் வேறொருத்தியிடம் சொல்லி. இருக்கலாம்.

மறுநாள் மதியம் திரைச்சீலை வழியாக மஞ்சள் வெளிச்சம் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. காற்றுப்படுக்கையின் மோட்டார் வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. டெட்டாலும் வியர்வையும் புண்ணின் இனிப்பு நாற்றமும் கலந்த அந்த அறையில், நர்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எதையோ எழுதினாள். பென்சில் தாளில் உரசும் சத்தம். பிறகு எழுந்து வந்து, அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். பத்து வகுத்தல் இரண்டு. ஐந்து. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல, அடியில் இரட்டைக் கோடு.

"சரிதானே சிஸ்டர்?"

ஒரு தடவை கண்ணை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் ஏற்படுத்தித் தந்த பாஷை அது. சிஸ்டர் ஒரு தடவை மூடித் திறந்தாள்.

நர்ஸ் தாளை நான்காக மடித்து, அவள் தலையணைக்கு அடியில், வலது காதுக்கு நேராகச் செருகினாள். பிறகுதான் மருந்தைக் கொடுத்தாள்.

அன்று மாலையும் ஒரு தாள். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் இரண்டு. கணக்கு எப்போதும் அதேதான், விடையும் சரியானதுதான். தலையணைக்கு அடியில் மடித்த தாள்கள் சேரச் சேர, படுக்கைக்குள் காற்று ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் காதுக்குள் சரசரவென்று கேட்டது. யாரோ மிக அருகில் உட்கார்ந்து எதையோ கசக்கிக்கொண்டே இருப்பது போல.

அந்தச் சத்தத்தில்தான் நினைவு வந்தது.

காகிதம்.

இருபது வருடத்துக்கு முன்னால் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த ஒல்லிப் பெண். எந்த மருந்தானாலும் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். "என்ன காகிதம், பரீட்சை எழுதறியா?" என்று எல்லோர் முன்னாலும் சிஸ்டர் கேட்பாள். வார்டே சிரிக்கும். காகிதம் என்ற பேரே அவளோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் சொந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

எட்டுக் கிலோ குழந்தை ஒன்று வலிப்போடு வந்தது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் ஊசி. ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் இருக்கும் குப்பி. புள்ளியை ஒரு வீடு தள்ளினால் புள்ளி எட்டு. சிஸ்டர் அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நாலு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எட்டு" என்றாள்.

காகிதம் தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தது. "சிஸ்டர், எனக்கு வேற வருது. ஒரு தடவை பாருங்க சிஸ்டர்."

அவள் பார்க்கவில்லை. தாளைப் பிடுங்கிக் கசக்கிப் பெண்ணின் முகத்தில் எறிந்தாள். "நான் சொன்னா சொன்னதுதான். போய்ப் போடு."

பெண் போய்ப் போட்டது. எட்டு மில்லி. குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணையில் சிஸ்டர் நிதானமாகச் சொன்னாள். "நான் புள்ளி எட்டுன்னுதான் சொன்னேன். இவ காதுல எட்டுன்னு விழுந்தா நான் என்ன பண்றது? ஊசி போட்டது யார் கைன்னு பாருங்க." கணக்கு சிஸ்டருக்குக் கணக்குத் தப்பாது என்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். குழந்தையின் அப்பா படிக்கட்டில் வைத்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது யாரும் தடுக்கவில்லை. சிஸ்டர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பெண் குனிந்து தலையணையை நேராக்கினாள். தாள்கள் சரசரத்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் சிஸ்டரின் கண்களில் எதையோ தேடி, கண்டுபிடித்துவிட்டன.

"ஞாபகம் வந்துடுச்சு போல" என்றாள் மெதுவாக. கோபமே இல்லாத குரல். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சிஸ்டர் தூங்கவில்லை. மகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் இரண்டு தடவை, இரண்டு தடவை என்று இமைகளை அடித்துக்கொண்டே இருந்தாள். மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாகமா? இல்லை. குளிருதா? இல்லை. திருப்பிப் படுக்க வைக்கவா? இல்லை. நர்ஸைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்?

"பாப்பா, இந்த ஆமாம் இல்லை எல்லாம் ரொம்ப நாள் நிக்காது" என்றாள் நர்ஸ், பின்னாலிருந்து. "இவங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு அது குழம்பிப் போயிடும். இப்ப ரெண்டு தடவை மூடறாங்களே, அது வலி. நான் கேக்கறேன், பாருங்க."

கட்டிலுக்கு வந்து போர்வைக்குள் கையை விட்டாள். விரல் நேராகப் புண்ணின் விளிம்புக்குப் போனது. அழுத்தியது. எலும்பில் தீ வைத்த மாதிரி இருந்தது.

"வலி ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

ஒரு தடவை மூடினால், ஆமாம், வலி இல்லை என்று ஆகிவிடும். அவள் இரண்டு தடவை மூடினாள்.

"பாத்தீங்களா?"

நர்ஸ் விரலை எடுத்துக்கொண்டாள். புண் அடங்கும் வரை பொறுத்திருந்து, புறங்கையால் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். "இப்ப பரவாயில்லையா சிஸ்டர்?" சிஸ்டரின் இமை ஒரு தடவை மூடித் திறந்தது.

"ஒரு தடவைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டுன்னா வலி, மருந்து வேணும். அவ்வளவுதான். இதுக்கு மேல அவங்கள கேள்வி கேட்டுக் கஷ்டப்படுத்தாதீங்க."

மகளின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளா வலியில கத்திட்டு இருந்திருக்காங்க, எனக்குப் புரியலயேக்கா." அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்து அழுதாள். அந்த முடியின் எண்ணெய் வாசனை, காதோரம் விழுந்த வெதுவெதுப்பான மூச்சு. சிஸ்டர் இரண்டு தடவை மூடினாள். இரண்டு. இரண்டு. மகள் இன்னும் பலமாக அழுதாள்.

அடுத்த நாளிலிருந்து நர்ஸ் மகளுக்கு மருந்து அளக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குக் கணக்கே வராதுக்கா. சின்ன வயசுல அம்மா குட்டிக் குட்டியே தலை வீங்கியிருக்கு. மக்குன்னுதான் கூப்பிடுவாங்க."

"இது கணக்கே இல்ல பாப்பா. பாதியாக்கு, பேசாம ஏத்து. பத்துல பாதி எவ்வளவு?"

"அஞ்சு."

"முடிஞ்சுது. அம்மா கண்டுபிடிச்ச வழிதான் இது. பேப்பர் எடுக்கறவங்கள அவங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது."

நாலு நாள் மகள் ஐந்து மில்லி சிரிஞ்சை நிரப்பி, குமிழியைத் தட்டி நீக்கி, குழாயில் ஏற்றினாள். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. முடித்ததும் மகள் அம்மாவைத்தான் பார்ப்பாள், ஒன்பது வயதில் நோட்டைக் காட்ட வந்து நின்றது போலவே, உதட்டை மடித்துக்கொண்டு. பாட்டிலில் மருந்து இறங்கிக்கொண்டே வந்தது. சிஸ்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு விரல் உயரம். இரண்டு. அடியில் ஒரு கோடு.

அடுத்த நாள் காலை மகள் குளிக்கப் போயிருந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். நர்ஸ் வெளியே போகும் உடுப்பில் வந்தாள், தோளில் பை. கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"ரெண்டு நாள் லீவு சிஸ்டர். பாப்பா பாத்துக்கும். டாக்டர் சாயந்திரம் ஆறு மணிக்கு வர்றாராம்."

பெட்டியிலிருந்து புது பாட்டிலை எடுத்தாள். பழையதைவிடச் சின்னது. மருந்து பேர் அதேதான். லேபிளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து, படிக்கும் வரை ஆடாமல் பிடித்தாள். ஒரு மில்லியில் இருபது மில்லிகிராம்.

மண்டைக்குள் அது தானாகவே நடந்தது. பத்தைப் பாதியாக்கு, புள்ளியை ஒரு வீடு தள்ளு. அரை மில்லி.

"வந்துடுச்சா? உங்களுக்கு ஒரு நொடி போதும்னு தெரியும்." நர்ஸ் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சின்ன சிரிஞ்சை எடுத்தாள், அரை மில்லி அளப்பதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்தது. அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நான்தான் கேட்டேன். குழாய்ல தண்ணி கம்மியா போகட்டும், கெட்டியா எழுதிக் குடுங்கன்னேன். எழுதிட்டார். நான் எதையும் மறைக்கல சிஸ்டர். பாட்டில்ல எழுதியிருக்கு. சார்ட்ல பத்து மில்லிகிராம்னு சரியாத்தான் எழுதியிருக்கேன். பாப்பா ஒரே ஒரு தடவை ஒரு தாள எடுத்துப் போட்டுப் பாத்தா போதும். பாக்குமா?"

குளியலறையில் தண்ணீர் நின்றது.

"பாக்கலன்னா விசாரணைன்னு வரும். யார் கையால குடுத்தாங்கன்னுதான் கேப்பாங்க. மத்ததெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

தலையணைக்கு அடியில் கைவிட்டு மடித்த தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டாள். அறைக் கதவருகில் ஈரத் தலையோடு வந்த மகளிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டு கிளம்பினாள். "புது பாட்டில் வந்திருக்கு பாப்பா. வேற கம்பெனி, அதே மருந்துதான். ரெண்டு தடவை மூடினா மட்டும் குடுங்க." வாசல் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு தடவை மூடவே கூடாது என்று சிஸ்டர் முடிவு செய்தாள். மகள் பார்க்கும்போது ஒரு தடவை, நிதானமாக, ஒரே தடவை. ஆறு மணி வரை. டாக்டர் பாட்டிலைப் பார்ப்பார்.

காலை முழுக்க அப்படியே கடந்தது. ஒரு தடவை மூடினாள், மகள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. இரண்டு மணிக்கு ஒரு தடவை. வலி இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறியது. ஏறட்டும். வலி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து மட்டும் காணவில்லை. அவள் இமைகள் முழுதாக மூடாது, மணிக்கு ஒரு தடவை சொட்டு விட வேண்டும். மகள் மேஜை, அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடினாள். "அக்கா எங்க வச்சாங்கன்னு தெரியலயேம்மா. போன் பண்ணா எடுக்கல. சாயந்திரம் டாக்டர்கிட்டச் சொல்லி வாங்கிக்கலாம்." வெயில் ஏறியதால் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். காற்று நேராக முகத்தில் அடித்தது.

கண்ணுக்குள் மணல் விழுந்தது போலிருந்தது. பிறகு மணல் சுட்டது.

நாலு மணிக்கு மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா, காலையிலேர்ந்து மருந்தே இல்லையே. நிஜமாவே வலி இல்லையா?"

ஒரு தடவை மூடினாள். திறந்தாள். அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கியா? சரி." மகள் எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். ஏதோ தோன்றி, திரும்பிப் பார்த்தாள்.

காற்று. எரிச்சல். வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூடாதே. சுவர் மங்கியது, மகள் மங்கினாள். மூடாதே. மூடாதே.

மூடிக்கொண்டது.

"ரெண்டு" என்றாள் மகள். "அழற வேற. எனக்காகப் பொறுத்துக்கிட்டியா?"

மேஜையில் பாட்டில் திறக்கும் சத்தம். அட்டைப்பெட்டி. சார்ட்டின் தாள் புரண்டது. சிஸ்டர் விழிகளை ஓரத்துக்குத் திருப்பினாள். மகள் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது. துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

மின்சார பில்லை எடுத்தாள். அதன் பின்பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலைத் தேடி எடுத்தாள்.

எழுது. எழுதுடி என் கண்ணே. எழுது.

பென்சில் முனை தாளைத் தொட்டது. மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். வெறித்த, நீர் வழியும், சிவந்த இரண்டு கண்கள் தன் கையையே பார்ப்பதைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. பென்சிலை வைத்துவிட்டாள்.

"முறைக்காதம்மா. எடுக்கல. பாரு, எடுக்கல." சிரித்தாள். "பத்துல பாதி. மனசுலயே போட்டுட்டேன்."

சிரிஞ்சின் தண்டு பின்னுக்கு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. விரலால் தட்டிக் குமிழியை நீக்கினாள். அழகாகச் செய்தாள்.

சிஸ்டரின் இமைகள் அடித்துக்கொண்டன. இரண்டு. இரண்டு. இரண்டு.

"இதோ, இதோம்மா. இதோ குடுத்துட்டேன்."

தெளிந்த திரவம் குழாயில் ஏறி வந்தது. மூக்குக்குள் குளிர். தொண்டைக்குப் பின்னால் குளிர். வயிற்றில் போய் நின்ற குளிர். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, செத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "எனக்குக் கணக்கு வராதுன்னு இனிமே சொல்ல மாட்டல்ல?"

கொஞ்ச நேரத்தில் வலி போனது. இடுப்பு போனது. மார்பு தூக்கிப் பார்த்தது, மறந்தது, பிறகு ஞாபகம் வந்து தூக்கியது. இமைகள் கனத்தன. இறங்கின. திறந்தாள். இறங்கின. திறந்தாள்.

"இன்னுமா வலிக்குது?" மகளின் குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. போன் அடித்து நின்றது. யாரிடமோ பேசினாள். "இல்லக்கா, இன்னும் ரெண்டு ரெண்டு தடவைதான் மூடறாங்க... அப்படியா? இன்னொரு தடவை குடுக்கலாமா? சரிக்கா. நானே குடுத்துடறேன்."

மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்தது உள்ளே வரவில்லை. பாதி திறந்த கண்ணுக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நின்ற மகள் தெரிந்தாள். ஈரம் காய்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, கோடு கோடாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.